சுணக்கம்: ‘லேட்டன்சி’க்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல்

சொல்: லேட்டன்சி. பொருள்: நாம் ஒன்றைக் கேட்டதற்கும் அதற்கான பதில் வந்து சேரத் தொடங்குவதற்கும் இடையில் கழியும் நேரம். அளவு: மில்லிசெக்கன், அதாவது ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தமிழ்: சுணக்கம்.

அகராதிக்கு இவ்வளவு போதும். ஆனால் 4ஜி, 5ஜி என்று பேச்செடுத்தாலே எல்லோரும் ‘வேகம், வேகம்’ என்றுதான் சொல்கிறார்கள், விளம்பரப் பலகையிலும் அதுதான், டிஜிட்டல் பொருளாதாரம் பற்றிய மேடைப் பேச்சிலும் அதுதான். திருகோணமலை பிரதான வீதியில் கடை வைத்திருப்பவரையும் உப்புவெளியில் விடுதி நடத்துபவரையும் கேட்டால், அவர்களுடைய வியாபாரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சுணக்கம். வேகம் என்று விற்கப்படுவது வேறு சாமான்.

கிண்ணியாப் பாலம் வர முன்னம் பாதையில் கடந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே தேவையில்லை. (பாதை என்று இங்கே சொல்வது ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவையை, வெளியூர்க்காரர் குழம்ப வேண்டாம்.) பாதை ஒரு தடவையில் கணிசமான சுமையை ஏற்றும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது அக்கரையில் நின்றால், கையில் ஒரு பையோடு ஒற்றை ஆளாக வந்தவரும் நின்றுதான் ஆக வேண்டும். ஒரு தடவையில் எவ்வளவு ஏற்றலாம் என்பது பட்டையகலம் (பேண்ட்வித்), அதைத்தான் நிறுவனங்கள் எம்பிபிஎஸ் கணக்கில், அதாவது செக்கனுக்கு இத்தனை மெகாபிட் என்று, ‘வேகம்’ என்ற பெயரில் விற்கின்றன. கரையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பது சுணக்கம். 2009இல் பாலம் திறந்தபோது ஊருக்குக் கிடைத்த பெரிய இலாபம், காத்து நிற்கிற வேலை ஒழிந்ததுதான்.

இனிச் சொல்லுக்கு வருவோம். லேட்டன்சி, ‘மறைந்திருத்தல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையடியில் பிறந்தது. மறைந்திருப்பதற்கும் நேரத்துக்கும் என்ன தொடர்பு? அது உடற்றொழிலியல் வழியாக வந்தது. 1850இல் ஜேர்மனிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளையின் நரம்பில் மின்னைப் பாய்ச்சி, தசை சுருங்கும் வரைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்தார். தூண்டலுக்கும் சுருக்கத்துக்கும் நடுவே வெளிக்கண்ணுக்கு ஒன்றும் நடக்காததுபோல ஓர் இடைவெளி இருக்கிறது, உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தாலும் வெளியே தெரியாது. அதனால் அந்த இடைவெளிக்கு மறைந்த காலம் என்ற பெயர் பின்னாளில் நிலைத்தது. கணினிக்காரர்களும் அதே பொருளில் அதை எடுத்துக்கொண்டார்கள். போனில் தட்டியபின் வட்டம் சுற்றுகிறதே, நம் ஆட்கள் ‘நெட் சுத்திக்கொண்டு நிக்குது’ என்கிறார்களே, அந்த நேரம்தான் இது.

இந்த வேர்ப்பொருளைப் பிடித்துத் தொங்கியதால் வந்த வினைதான் ‘மறைநிலை’ என்ற மொழிபெயர்ப்பு. இயந்திர மொழிபெயர்ப்பில் அடிக்கடி பார்க்கலாம். நம்முடைய பிள்ளைகள் உயர்தரப் பௌதிகவியலில் மறைவெப்பம் என்று படிக்கிறார்கள், தமிழ்நாட்டில் அதையே உள்ளுறை வெப்பம் என்பார்கள், அங்கே அது சரி, ஏனென்றால் அந்த வெப்பம் வெப்பமானியில் தெரியாமல் மறைந்தே இருக்கிறது. நெட்வேர்க்கில் ‘மறைநிலை 40 மில்லிசெக்கன்’ என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு என்ன விளங்கும்? எனக்கு ஏதோ உளவுப்படை ஞாபகம்தான் வருகிறது.

அடுத்தது ‘தாமதம்’. பிழையில்லை, எல்லோருக்கும் விளங்கும். ஆனால் அதற்கு வேறு சோலிகள் அதிகம். பஸ் தாமதம், சம்பளம் தாமதம், தீர்ப்பு தாமதம் என்று, வரவேண்டிய நேரத்துக்கு வராததைத்தான் அது குறிக்கும். லேட்டன்சி அப்படியில்லை, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் அது இருக்கும், ஒளிகூட ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக நேரம் எடுக்கிறதே. தாமதம் வடமொழித் தாமசத்தின் வழி வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சாத்துவிகம், இராசதம், தாமதம் என்ற முக்குணங்களில் மூன்றாவது, மந்தமும் இருளும் கலந்தது.

சுணக்கம் நம் வாயிலேயே கிடக்கிறது. ‘ஏன் இவ்வளவு சுணங்கினனீங்கள்?’, ‘சுணங்காமல் வா’ என்று வடக்குக் கிழக்கில் சொல்லாத வீடில்லை. தமிழ்நாட்டுச் செய்திகளில் ‘பணிகளில் சுணக்கம்’ என்று வரும்போது அது தொய்வு என்ற பொருளில் வருகிறது, கொஞ்சம் குற்றம் சாட்டும் தொனியும் இருக்கும். ஈழத்தில் அந்தத் தொனி குறைவு, வெறும் நேரம்தான். சங்கப் பாடல்களில் வரும் சுணங்கு வேறு, அது பெண்களின் மேனியில் படரும் தேமல், இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டியதில்லை. முக்கியமாக, சுணங்கு என்று வினையும் இருக்கிறது. ‘நெட் சுணங்குது’ என்றால் மூதூரில் மீன் விற்பவருக்கும் விளங்கும். வினையாக வராத கலைச்சொல் ஊருக்குள் நடமாடாது.

சரி, இதற்கும் பொருளாதாரத்துக்கும் என்ன?

ஒரு கியூஆர் கொடுப்பனவைக் கிட்டத்தில் பாருங்கள். கடையில் ஒட்டியிருக்கும் லங்காகியூஆரை, அதாவது இலங்கை வங்கிகளுக்குப் பொதுவான கியூஆர் குறியீட்டை, வாடிக்கையாளர் ஸ்கேன் பண்ணுகிறார். அவருடைய செயலி முதலில் வங்கியின் முகவரியைத் தேடுகிறது, பிறகு தொடர்பு கோருகிறது, பிறகு இரகசியக் குறியீட்டை ஒத்துக்கொள்கிறது, அதன்பின்தான் ‘இவ்வளவு ரூபாவை அனுப்பு’ என்று கேட்கிறது. நாலைந்து தடவை போய்வர வேண்டும், ஒவ்வொன்றும் முந்தியது முடிந்தபிறகே தொடங்கும். ஒரு போய்வரவுக்கு 200 மில்லிசெக்கன் என்றால் (3ஜியில் இது புதினமே இல்லை) உருப்படியாக எதுவும் தொடங்க முன்னமே ஒரு செக்கன் போய்விடும். 50 மில்லிசெக்கன் என்றால் கால் செக்கன். இதில் 100 எம்பிபிஎஸ் ‘வேகம்’ இருந்தும் ஒரு பிரயோசனமும் இல்லை, ஏனென்றால் போய்வருவது சில கிலோபைட் மட்டுமே. போதாததற்கு 3ஜியில் இன்னொரு வியாதி: போன் சும்மா கிடந்தால் ரேடியோ தூங்கிவிடும், அதை எழுப்பவே ஏறக்குறைய இரண்டு செக்கன் பிடிக்கும். 4ஜி கொண்டுவந்த பெரிய ஆறுதல்களில் ஒன்று, இந்த எழும்பும் நேரத்தைச் செக்கனிலிருந்து மில்லிசெக்கனுக்கு இறக்கியது. விளம்பரத்தில் இதை யாரும் சொல்வதில்லை, ‘சீக்கிரம் எழும்பும்’ என்று எழுதினால் யார் வாங்கப் போகிறார்கள்.

அந்த வங்கியிலிருந்து கொடுப்பனவு வலையமைப்புக்கும், அங்கிருந்து கடைக்காரரின் வங்கிக்கும், பிறகு கடைக்காரரின் போனுக்கு அறிவித்தலாகவும் இன்னொரு சுற்று. இதில் எங்கே சுணங்கினாலும் கடையில் நடப்பது ஒன்றுதான்: ‘எனக்கு காசு வெட்டிப்போட்டுது அண்ணை, உங்களுக்கு வரேல்லையோ?’ பின்னால் நாலு பேர் நிற்பார்கள், வாடிக்கையாளர் இன்னொரு தடவை அழுத்துவதா விடுவதா என்று யோசிப்பார், கடைக்காரர் அடுத்தமுறை ‘காசாவே தாங்கோ’ என்பார். டிஜிட்டல் கொடுப்பனவு பரவாததற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள், வரிப் பயம், கழிவு என்று. இந்த ஒரு நிமிடச் சங்கடமும் அவற்றில் ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

வளரும் நாடொன்றில் வலையமைப்பு பொருளாதாரத்தை என்ன செய்கிறது என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணக்கு உலக வங்கியின் 2009 அறிக்கையில் உள்ளது: தாழ்ந்த, நடுத்தர வருமான நாடுகளில் அகலப்பட்டை இணைப்பு 10 சதவீதப் புள்ளி கூடினால் பொருளாதார வளர்ச்சி 1.38 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. அகலப்பட்டை என்றது புரோட்பேண்டை. ‘அகண்ட அலைவரிசை’ என்று எழுதுகிறவர்கள் கவனிக்க, அகண்டம் என்றால் பிளவுபடாதது, விரிந்ததற்கு அகன்ற என்று வரவேண்டும். அந்த 1.38ஐ அமைச்சர்கள் விரும்புவார்கள், ஆனால் வளர்ந்ததால் இணைப்பு வந்ததா, இணைப்பு வந்ததால் வளர்ந்ததா என்பதை அது தனியே தீர்த்துவைக்காது.

எனக்குப் பிடித்தது கேரளத்து மத்திக் கதை. ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வு. 1997க்கும் 2001க்கும் இடையில் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கரையோரங்களில் கைத்தொலைபேசி வந்தபோது, மீனவர் கடலில் வைத்தே எந்தக் கரையில் விலை என்று கேட்டுவிட்டு வள்ளத்தைத் திருப்பினார்கள். மீன் வீணாவது இல்லாமற் போனது, அவர்களின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. நம்முடைய கரையில் தொழில் செய்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் ‘இதுக்கு ஆராய்ச்சி வேணுமோ’ என்பார்கள். அதில் டேட்டாவே இல்லை, வெறும் குரல். கைத்தொலைபேசியால் காசு அனுப்பும் சேவையான கென்யாவின் எம்பெசா 2007இல் தொடங்கியதும் சிம் மெனுவிலும் குறுஞ்செய்தியிலும்தான், இங்கே அதேபோன்ற ஈசிகேஷ் 2012இல் வந்ததும் #111# தட்டித்தான். ஆகவே வேகமான வலை இல்லாவிட்டால் டிஜிட்டல் பொருளாதாரமே இல்லை என்பது புளுகு. சிறிய செய்தி, நம்பகமாக, அதிகம் சுணங்காமல் போய்ச் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. மறுபாதிக்கு, அதாவது வீடியோவில் வாடிக்கையாளரோடு பேசி வேலை எடுக்கும் பிள்ளைகளுக்கும், வெளிநாட்டு முன்பதிவுத் தளத்தில் அறை விற்கும் விடுதிக்காரருக்கும்தான் 4ஜியும் அதற்கு மேலேயும் கட்டாயம்.

இலங்கையில் 3ஜி 2006இல் வந்தது, தெற்காசியாவிலேயே முதல் வணிகச் சேவை என்று பெருமையாகச் சொன்னார்கள். அதே வருடம்தான் மூதூர்ச் சனம் சண்டைக்குள் அகப்பட்டு கந்தளாய்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. 4ஜி கைத்தொலைபேசிக்கு வந்தது 2013இல். நாட்டுக்கு ஒரு திகதி, மாவட்டத்துக்கு இன்னொரு திகதி.

இப்போது நம் சுணக்கம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? தூரத்தில் இல்லை. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீற்றர் போகும், கொழும்புக்குப் போய்வர மூன்று மில்லிசெக்கன் போதும். கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்புப் பக்கத்திலும் மாத்தறையிலும், அங்கிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர், போய்வர எப்படிப் பார்த்தாலும் 27 மில்லிசெக்கனுக்குக் குறையாது, அதை எந்தக் கொம்பனும் மாற்ற முடியாது. மிச்சம் எல்லாம் போனுக்கும் கோபுரத்துக்கும் இடையிலும், கோபுரத்தின் வரிசையிலும்தான். சிக்னல் மெலிந்த இடத்தில் ஒரே தரவுப் பொதியைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பர் வரை நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் நிறைந்தால், இரவு எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே கோபுரத்தில் வீடியோ பார்ப்பார்கள், விடுதிக்காரரின் கார்ட் மெஷின் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். 5ஜிக்கு ஒரு மில்லிசெக்கன் என்று சொல்கிறார்களே, அது விசேட சேவைகளுக்கு, போனுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான வான்வழித் துண்டுக்கு மட்டும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வைத்த இலக்கு. கேபிளும் சேர்வரும் அந்தக் கணக்கில் இல்லை.

கூட வரும் சொற்களையும் சொல்லிவிடுகிறேன். போய்த் திரும்பும் முழு நேரத்துக்கு ‘போய்வரு சுணக்கம்’. சுணக்கம் ஒருமுறை 40, அடுத்தமுறை 300 என்று ஆடினால் ஆங்கிலத்தில் ஜிட்டர், அதற்கு ‘நடுக்கம்’ என்பதைவிட, பத்திரிகையில் விலைக்கும் நாணயமாற்றுக்கும் எழுதும் ‘தளம்பல்’ பொருத்தம். குரலுக்கு ஒரு வழிச் சுணக்கம் 150 மில்லிசெக்கனுக்குள் நின்றால் வசதி, 400ஐத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள், தளம்பல் அதையும்விடக் கரைச்சல். விளையாடும் பொடியள் போய்வரு சுணக்கத்துக்குச் சொல்லும் பிங்கை அப்படியே விட்டுவிடலாம். நீருக்கடியில் ஒலியனுப்பித் தேடும் கடற்படைச் சோனாரின் ஒலியைப் பார்த்து, 1983இல் எழுதிய ஒரு சிறு நிரலுக்கு வைத்த பெயர் அது, துறைமுக ஊரில் அதை மொழிபெயர்ப்பானேன்.

வேகச்சோதனைச் செயலியைத் திறந்தால் எல்லோரும் பெரிய எழுத்தில் இருக்கும் எம்பிபிஎஸ்ஸைத்தான் படமெடுத்துப் போடுகிறார்கள். பக்கத்தில் சின்னதாக பிங் என்று இருக்கும், சிலதில் சும்மா இருக்கும்போது ஒன்று, தரவிறக்கும்போது இன்னொன்று என்று பிரித்தே காட்டும். முதலாவது 40, இரண்டாவது 400 என்றால் கோளாறு பட்டையகலத்தில் இல்லை, வரிசையில். அப்புறம் நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதும்போது ‘நெட் ஸ்லோ’ என்று எழுதாமல் ‘இரவு 8 மணிக்குச் சுமையில் சுணக்கம் 400 மில்லிசெக்கன்’ என்று நேரத்தோடும் இடத்தோடும் எழுதுங்கள், ‘போனை அணைத்துப் போடுங்கோ’ என்ற வழக்கமான பதிலை அதற்கு அவ்வளவு இலகுவாகச் சொல்ல முடியாது.