இம்போர்ட் செய்தால் வீடியோ உள்ளே போய்விடாது

எடிட் செய்த வீடியோவைக் காணோம் என்று போன வாரம் இன்னொருவர் என்னிடம் வந்தார். இந்த வருஷத்தில் இவர் நான்காவது ஆள். கல்யாண ஆல்பம் வேலை இரண்டு பாக்கி நிற்கிறது, இருந்தாலும் அதைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வந்தவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 63 வயது. ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்தைத் தன் ஹேண்டிகேமில் எடுத்திருக்கிறார். முதல் கால யாகபூஜை, கடம் புறப்பாடு, சிவாச்சாரியார்கள் விமானத்தின் மேல் ஏறுவது, கலசத்தில் தீர்த்தம் விடுவது, அந்த நேரத்தில் கருடன் வட்டமிட்டது, ராத்திரி சுவாமி புறப்பாடு என்று மொத்தம் எட்டு மணி நேரம். அப்புறம் யூடியூபில் பாடம் பார்த்து, ஒரு எடிட்டிங் சாஃப்ட்வேரை லேப்டாப்பில் போட்டு, ஒன்றரை மாதம் தினமும் உட்கார்ந்து வெட்டியிருக்கிறார். ஒரு கிளிப்பை இழுத்தால் பக்கத்துக் கிளிப்பும் சேர்ந்து நகர்கிறது, சத்தம் ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமும் போகிறது, ப்ரிவியூ திக்கித் திக்கி ஓடுகிறது. பாதியில் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்ததாகச் சொன்னார். விடவில்லை. ஐம்பது நிமிடத்துக்குக் கொண்டுவந்து, உபயதாரர்கள் பெயரையெல்லாம் தமிழில் டைட்டில் போட்டு வைத்திருந்தார். பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் இவ்வளவு கற்றுக்கொண்டது பெரிய காரியம்.

48-ஆம் நாள் மண்டலாபிஷேகப் பூர்த்தி வந்தது. கேமரா கார்டில் இடம் இல்லை. "அதான் சாஃப்ட்வேர்ல ஏத்தியாச்சே" என்று கார்டை ஃபார்மட் செய்துவிட்டு, பூர்த்தி விழாவை ஏழு மணி நேரம் அதே கார்டில் எடுத்திருக்கிறார். மறுநாள் ப்ராஜெக்டைத் திறந்தால் டைம்லைன், அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை, அப்படியே இருக்கிறது. வெட்டிய இடங்கள் இருக்கின்றன, டைட்டில் இருக்கிறது, பின்னணி நாதஸ்வரம்கூட ஒலிக்கிறது. படம் மட்டும் இல்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர் சொன்ன முதல் வார்த்தை இது: "சார், வீடியோ உள்ளதான் இருக்கு, காட்ட மாட்டேங்குது. கொஞ்சம் திறந்து விடுங்க."

உள்ளே இல்லை, ஐயா. ஒருநாளும் உள்ளே இருந்ததே இல்லை.

இந்த ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. எடிட்டிங் சாஃப்ட்வேரில் இம்போர்ட் பட்டனை அழுத்தினால் வீடியோ அதற்குள் போய்ச் சேர்வதில்லை. "இன்ன ஃபோல்டரில் இன்ன பெயரில் ஒரு வீடியோ இருக்கிறது" என்று அது குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நீங்கள் வெட்டும்போது வீடியோ வெட்டப்படுவதும் இல்லை. "அந்த வீடியோவில் 3-ஆவது நிமிடத்திலிருந்து 4-ஆவது நிமிடம் வரை காட்டு, அதற்குப் பிறகு அடுத்ததைக் காட்டு" என்று இன்னொரு வரி எழுதிக்கொள்கிறது. இப்படி எழுதிவைத்த குறிப்புகள்தான் நீங்கள் 'சேவ்' செய்யும் ப்ராஜெக்ட் ஃபைல். கல்யாணத்துக்குச் சமையல்காரர் எழுதிக் கொடுக்கும் சாமான் பட்டியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை படி அரிசி, எந்தக் கடை என்று எல்லாம் அதில் இருக்கும். அரிசி கடையில்தான் இருக்கும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் நீங்களே சோதித்துப் பாருங்கள். ப்ராஜெக்ட் ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து அளவைப் பாருங்கள். இவருடைய ஃபைல் ஒரு எம்பிகூட இல்லை. அவர் எடுத்த வீடியோவோ 60 ஜிபி. அறுபதாயிரம் எம்பி ஒரு எம்பிக்குள் எப்படி அடங்கும்? இன்னொரு அடையாளமும் உண்டு. இம்போர்ட் எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். "சீக்கிரம் முடிஞ்சுது சார், அரை நிமிஷம்" என்றார். இந்த மாதிரிக் கார்டிலிருந்து 60 ஜிபியை லேப்டாப்புக்கு நகல் எடுக்கக் குறைந்தது பத்து நிமிடமாவது பிடிக்கும், பழைய கார்டு என்றால் அதைவிடப் பல மடங்கு. அரை நிமிடத்தில் முடிந்தது என்றாலே அங்கே நகல் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

"ஆனா சின்னச் சின்னப் படமா உள்ள தெரிஞ்சுதே" என்றார். எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். அது தம்ப்நெயில். அடையாளத்துக்காகச் சாஃப்ட்வேர் செய்துவைத்துக்கொள்ளும் துண்டுப் படம். அதைப் பெரிதாக்கி வீடியோ எடுக்க முடியாது.

புதிதாகக் கற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 'இம்போர்ட்' என்ற வார்த்தையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இறக்குமதி செய்தால் பொருள் நம் கைக்கு வந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? என் ஆதங்கம் பாடம் எடுப்பவர்கள்மேல். பத்து நிமிட வீடியோவில் ஆறு நிமிடம் டிரான்சிஷன், அதாவது ஒரு காட்சியிலிருந்து அடுத்ததுக்கு மாறும் ஜாலம், சொல்லித் தருகிறீர்கள். எழுத்து பறந்து வருவது எப்படி, முகத்தை வெள்ளையாக்குவது எப்படி என்றெல்லாம் வருகிறது. வீடியோ எங்கே இருக்கிறது, அதை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் சொல்லக் கூடாதா? தயவுசெய்து சொல்லுங்கள். நான் முதல் நாள் வகுப்பில் சாஃப்ட்வேரைத் திறக்கவே விடமாட்டேன். ஃபோல்டர் போடுவது மட்டும்தான் அன்றைய பாடம்.

பிலிம் காலத்தில் இந்தக் குழப்பம் வர வழியே இல்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் கோடம்பாக்கத்தில் உதவி எடிட்டராக இருந்தவர். நெகட்டிவ் எடிட்டிங் டேபிளுக்கே வராது என்பார். அதிலிருந்து எடுத்த ரஷ் பிரிண்டைத்தான் வெட்டி ஒட்டுவார்கள். எல்லாம் முடிவான பிறகு, பிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களை வைத்து நெகட்டிவை வெட்டுவார்கள். அதுவரை அது லேபில் பத்திரமாக இருக்கும். இன்றைய ப்ராஜெக்ட் ஃபைல் அந்த எண்களை எழுதிய தாள்தான். நான் தொழிலுக்கு வந்தபோது மினி டிவி (Mini DV) கேசட். ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், 13 ஜிபி இடம் பிடிக்கும். வீடியோ எங்கே போய்ச் சேர்ந்தது என்று அப்போது எல்லாருக்கும் தெரியும். ஏற்றிய பிறகும் கேசட் பீரோவில் இருக்கும். மெமரி கார்டு வந்த பிறகுதான் ஒரிஜினலையே அழித்து, அதன் மேலேயே அடுத்ததை எடுக்கும் பழக்கம் வந்தது. வசதிதான். ஆனால் அலமாரியில் தானாக இருந்த காப்பு அதோடு போய்விட்டது.

எல்லாச் சாஃப்ட்வேரும் ஒரே மாதிரியா என்றால், இல்லை. மேக்கில் இருக்கும் ஐமூவி, வீடியோவைத் தன் லைப்ரரிக்குள் நகல் எடுத்துக்கொள்ளும். பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ் போன்றவை இருந்த இடத்திலிருந்தே எடுத்து ஓட்டும். ஃபைல் காணாமல் போனால் சிவப்புத் திரையில் 'மீடியா ஆஃப்லைன்' என்று காட்டும். மொபைல் ஆப்களில் இது ஆப்புக்கு ஆப் மாறும். டிராஃப்டில் இருக்கிறதே என்று கேலரியில் இருப்பதை அழித்துவிட்டு, ஒரு அம்மா தன் பேத்தியின் அரங்கேற்ற வீடியோவை இழந்தார். உங்கள் ஆப் நகல் எடுக்குமா எடுக்காதா என்று ஆராய வேண்டாம். எடுக்காது என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான பயமும் உண்டு. சிவப்புத் திரையைப் பார்த்ததும் எல்லாம் போச்சு என்று அழுதுகொண்டு வருவார்கள். பல நேரம் எதுவும் போயிருக்காது. ஃபோல்டரின் பெயரை மாற்றியிருப்பார்கள். அல்லது 'இ' டிரைவாக இருந்த வெளி ஹார்ட் டிஸ்க் இன்றைக்கு 'எஃப்' டிரைவாக வந்திருக்கும். சாஃப்ட்வேர் பழைய முகவரியில் போய்த் தேடிக்கொண்டிருக்கிறது. 'ரீலிங்க்' அல்லது 'லொகேட்' என்று ஒரு வசதி இருக்கும், புது இடத்தைக் காட்டினால் எல்லாம் திரும்பி வந்துவிடும். அதற்குள் பதறி ப்ராஜெக்டை அழித்துவிடாதீர்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்பே நிகழ்ச்சியின் பெயரும் தேதியும் போட்டு ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். கார்டில் இருப்பதை முழுதாக அதற்குள் நகல் எடுங்கள். ஹேண்டிகேம் கார்டில் வீடியோக்கள் பல அடுக்கு ஃபோல்டர்களுக்கு உள்ளே 'ஸ்ட்ரீம்' என்ற ஃபோல்டரில் கிடக்கும். அவற்றை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். நீளமான காட்சியைக் கேமரா பல ஃபைலாக உடைத்து வைத்திருக்கும், அவற்றைச் சேர்க்கும் விவரம் மற்ற ஃபோல்டர்களில் இருக்கிறது. நகல் எடுத்ததும் கார்டில் இருப்பவற்றின் மொத்த அளவையும் ஃபோல்டரின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் கிளிப்பையும் கடைசிக் கிளிப்பையும் ஓட்டிப் பாருங்கள். பிறகு அதே ஃபோல்டரை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் இன்னொரு நகல் போடுங்கள். ஒரே லேப்டாப்பில் இரண்டு இடத்தில் வைத்தால் அது இரண்டு நகல் ஆகாது. லேப்டாப் விழுந்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

கார்டை லேப்டாப்பில் செருகி, அதிலிருந்தே எடிட் செய்யவே செய்யாதீர்கள். இவருடைய ப்ரிவியூ திக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஒன்றரை மாதமும் கம்ப்யூட்டர் சரியில்லை, தனக்கு வரவில்லை என்று நொந்துகொண்டிருந்திருக்கிறார் பாவம்.

பின்னணி இசை, போட்டோ, லோகோ எல்லாமும் அதே ஃபோல்டருக்குள் வரட்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் டெஸ்க்டாப்பிலிருந்தும் இழுத்துப் போட்டால், அடுத்த மாதம் டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்யும்போது பாட்டு காணாமல் போகும்.

வாரம் ஒருமுறை, எந்த நிலையில் இருந்தாலும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அதாவது வெட்டியதைத் தனி வீடியோ ஃபைலாக வெளியே எடுங்கள். "முழுசா முடிஞ்சதும் ஒரேயடியா எடுத்துக்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். எக்ஸ்போர்ட் செய்து வரும் ஃபைலில்தான் படம் உண்மையாகவே இருக்கிறது. இவர் ஒரே ஒரு முறை அரைகுறையாக எக்ஸ்போர்ட் செய்திருந்தால்கூட இன்றைக்கு அந்த ஐம்பது நிமிடத்தில் கொஞ்சமாவது கையில் இருந்திருக்கும்.

மற்றவர்களிடம் வீடியோ வாங்கும்போது வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை போகும். சாதாரணமாக அனுப்பினால் படத்தை அது சுருக்கிவிடும். ஒரு கல்லூரிப் பையன் வீடியோவுக்குப் பதிலாக ப்ராஜெக்ட் ஃபைலையே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு, "அவருக்கு ஓபன் ஆகலையாம்" என்று என்னிடம் வந்தான். ஏன் திறக்காது என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) 25-ஆ 30-ஆ, எந்தச் சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்பவர்களுக்கு: அதையெல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம். இதைச் சரிசெய்ய முடியாது.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? அந்தக் கார்டை உடனே வெளியே எடுங்கள். அதில் இன்னொரு போட்டோகூட எடுக்க வேண்டாம். பெரும்பாலும் ஃபார்மட் செய்ததும் பட்டியல்தான் அழிகிறது, மேலே புதிதாக எழுதும்வரை பழையது கார்டில் கிடக்கும். போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே அதைத் தேடி எடுத்துத் தரலாம். மீட்டதை அதே கார்டில் சேமிக்காதீர்கள். போனில் அழித்திருந்தால் முதலில் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆனவை 60 நாள் அங்கே இருக்கும், ஐபோனில் 'சமீபத்தில் நீக்கியவை' 30 நாள் இருக்கும். அங்கிருந்தும் போய்விட்டால், இன்றைய போன்களில் மீட்பது அநேகமாக நடக்காத காரியம். நிச்சயம் எடுத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

இவருடைய கார்டை இரண்டு நாள் ஓட்டினேன். ப்ராக்ஸி ஃபைல், அதாவது எடிட்டிங் திக்காமல் ஓடச் சாஃப்ட்வேர் செய்துகொள்ளும் தரம் குறைந்த நகல், ஏதாவது லேப்டாப்பில் இருக்கிறதா என்றும் தேடினேன். இருந்திருந்தால் மங்கலாகவாவது ஒரு பிரதி கிடைத்திருக்கும். அவர் அந்த வசதியைப் பயன்படுத்தியதே இல்லை. புது ஏழு மணி நேரம் பழைய எட்டின் மேல் எழுதப்பட்டுவிட்டதால், கடைசி முக்கால் மணி நேரம்தான் மீண்டது. ராத்திரி சுவாமி புறப்பாடு. காலையில் கலசத்தில் தீர்த்தம் விட்டது கிடைக்கவில்லை. அடுத்த கும்பாபிஷேகத்துக்கு 12 வருஷம் ஆகும் என்றார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

அன்றைக்குக் கீழே நின்று போனில் எடுத்தவர்களை விசாரிக்கச் சொல்லி அனுப்பினேன். இதுவரை நான்கு பேர் கொடுத்திருக்கிறார்களாம். எதிர் வீட்டு மாடியில் நின்ற ஒரு பையனிடம் தீர்த்தம் விடும் காட்சி ஏழு நிமிடம் முழுதாக இருந்திருக்கிறது. பழைய டைம்லைனில் டைட்டிலும் நாதஸ்வரமும் அப்படியே இருப்பதால், அதே இடங்களில் புதுக் கிளிப்புகளை வைத்துக்கொண்டிருக்கிறார். நேற்று போன் செய்தார்.

"ரெண்டு இடத்துல காப்பி போட்டாச்சு சார். ஓட்டியும் பார்த்துட்டேன். கார்டை என்ன பண்ணட்டும்?"

பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, பீரோவில் வைக்கச் சொன்னேன்.