சோக் என்றால் அடைப்பு அல்ல

"ஸ்லக் சுடும்போது அடைப்பு குறைவாக இருக்க வேண்டும்." ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கியான ஷாட்கன் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. (ஸ்லக் என்பது ரவைகளுக்குப் பதில் சுடும் ஒரே ஈயக்கட்டி.) ஒவ்வொரு முறை படிக்கும்போதும் பதறுகிறது. துப்பாக்கிக் குழலில் அடைப்பு கொஞ்சம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் குழல் வெடிக்கும், பிடித்திருப்பவரின் கை போகும். எழுதியவர் சொல்ல வந்தது சோக். அதை அடைப்பு என்று மொழிபெயர்த்ததில் பொருள் தலைகீழாகிவிட்டது.

சோக் என்பது ஷாட்கன் குழலின் வாய்ப்பகுதி உள்ளே சற்றே குறுகியிருப்பது. குழல் நெடுக ஒரே விட்டம். நுனியில் மட்டும் இம்மியளவு குறைவு. அந்தக் குறைவு ரவைகளைச் சேர்த்துப் பிடித்து அனுப்புவதால் அவை மெதுவாக விரிகின்றன. குறுகல் கூடினால் தொலைவிலும் ரவைகள் நெருக்கமாக விழும். குறைந்தால் பக்கத்திலேயே அகல விரியும். வேலை அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய ஆங்கிலத்தில் தாடை, கன்னம் என்று பொருள்படும் சொல். அதிலிருந்து தொண்டையை நெரித்தல், பிறகு எதையும் ஒடுக்குதல் என்று பொருள் விரிந்தது. டியூப் லைட்டின் சோக்கும் கார்புரேட்டரின் சோக்கும் இதே சொல்தான். துப்பாக்கிக்கு இது வந்தது 19-ஆம் நூற்றாண்டில். இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த துப்பாக்கித் தயாரிப்பாளர் பேப் 1866-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1870-களில் இன்னொரு தயாரிப்பாளரான கிரீனர் அதைப் பரவலாக்கினார்.

இப்போது அடைப்புக்கு வருவோம். இந்தச் சொல்லை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம், துப்பாக்கியைப் பொறுத்தவரை அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது என்பதுதான். குழலுக்குள் சேறு, துணி, முந்தைய தோட்டாவின் தக்கை என்று எதுவாவது சிக்கியிருந்தால் அதுதான் அடைப்பு. சிறிய குழல் துப்பாக்கிகளை ஒட்டியே இதில் ஒரு கொடுமையான விபத்து உண்டு. போர் என்பது குழலின் உள்விட்ட அளவு; எண் கூடினால் குழல் சிறியது. 20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போர் துப்பாக்கியில் போட்டால் அது தோட்டா அமரும் அறையில் நிற்காமல் வழுக்கி முன்னே போய்ச் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். மேலே ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும். 20 போர் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். சரி, இதைத் தமிழில் எச்சரிக்கையாக எழுத வேண்டியவர் என்ன எழுதுவார்? "குழலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சுடுங்கள்" என்றுதான். சோக்குக்கும் அதே சொல்லைக் கொடுத்துவிட்டால், உயிரைக் காக்கும் அறிவிப்பும் சாதாரண விவரக்குறிப்பும் ஒன்றாகிவிடும். "இந்தத் துப்பாக்கியில் முழு அடைப்பு உள்ளது" என்று ஓர் இடத்தில் படித்தேன். விளம்பரம் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள்!

நெரிப்பு, திணறல் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நெரிப்பு வேர்ச்சொல்லுக்கு நெருக்கம் என்று வாதிடலாம். வேர்ச்சொல்லுக்கு நெருக்கமாக இருப்பதால் வாசகனுக்கு என்ன பயன்? நெரிப்பு என்றதும் குண்டின் வேகம் மட்டுப்படுகிறது என்றுதான் தோன்றும். சோக் மாற்றுவது ரவைகள் விரியும் அகலத்தை. திணறலைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது மூச்சுக்கு ஆகும் சொல், இரும்புக்கு ஆகாது.

என் தேர்வு வாய்க்குறுக்கம். குறுக்கம் தமிழ் இலக்கணத்தில் நன்றாகப் பழகிய சொல். ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அங்கே எழுத்து அடைபடுவதும் இல்லை, மறைவதும் இல்லை; தன் அளவில் குறைந்து ஒலிக்கிறது. எவ்வளவு குறைகிறது என்பதற்கும் கணக்கு உண்டு: மகரக் குறுக்கத்தில் அரை மாத்திரை கால் மாத்திரையாகிறது. சோக்கும் அப்படித்தான், அளந்து சொல்லும் குறைவு. குறுக்கம் நீளத்தைக் குறிக்காதா என்று கேட்பவர்களுக்கு, முன்னால் 'வாய்' இருக்கிறது என்பதே பதில். குழலின் நீளத்தை வெட்டிக் குறைப்பதோடு யாரும் அதைக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால் இன்னொரு தலைவலியும் தீர்கிறது. அமெரிக்கர்கள் சோக் அளவுகளுக்கு வைத்திருக்கும் பெயர்களை அப்படியே பெயர்த்து 'மேம்படுத்தப்பட்ட உருளை', 'மாற்றியமைக்கப்பட்டது' என்று எழுதிவைக்கிறார்கள். எதை மேம்படுத்தினார்கள், யார் மாற்றியமைத்தார்கள்? படிப்பவர் அது பட்டறையில் திருத்திய துப்பாக்கி என்று நினைப்பார். பிரிட்டனில் இதைக் கால், அரை, முக்கால், முழு என்றே சொல்கிறார்கள். கால், அரை, முக்காலுக்குத் தமிழில் பஞ்சமா? குறுகலே இல்லாதது நேர்வாய். அப்புறம் கால்குறுக்கம், அரைக்குறுக்கம், முக்கால்குறுக்கம், முழுக்குறுக்கம். 12 போரில் கால் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, அரை 20, முழு 40. முழுக்குறுக்கமே கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர்தான்.

சிறிய குழல்களில் இந்த எண்கள் மாறும். 12 போரின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 போர் 15.6, 28 போர் 14. ஒரு பவுண்டு ஈயத்தை அந்த எண் அளவுக்குச் சம உருண்டைகளாக்கினால் கிடைக்கும் ஓர் உருண்டையின் விட்டமே குழலின் விட்டம். அதனால்தான் எண் ஏற ஏறக் குழல் சிறுக்கிறது. நானூற்றிப்பத்து (.410) என்னும் சிறிய குழல் மட்டும் விதிவிலக்கு. அது நேரடியாக அங்குலக் கணக்கு, சுமார் 10.4 மில்லிமீட்டர். அந்த ஒடுங்கிய குழலில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான குறுகலே முழுக்குறுக்கமாகிவிடும். முழு என்பது எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவான ஓர் எண் இல்லை.

ஸ்லக்குக்கு நடந்திருப்பது இதைவிட மோசம். 'நத்தை' என்றே மொழிபெயர்க்கிறார்கள். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம் இது. ஆங்கிலத்திலேயே ஈயத்துண்டு என்ற பொருள் 17-ஆம் நூற்றாண்டில் வந்துவிட்டது; ஓடில்லாத நத்தை என்ற பொருள் அதற்குப் பிறகுதான். தோட்டா என்பதும் தவறு. தோட்டா முழுப் பொதி: உறை, மருந்து, தக்கை, ரவை எல்லாம் சேர்ந்தது. ரவைகளுக்குப் பதில் உள்ளே ஒரே ஈயக்கட்டி இருந்தால் அந்தக் கட்டிதான் ஸ்லக். ஒற்றைக்குண்டு என்றால் யாருக்கும் புரியும். பந்து வடிவில் இருப்பதை உருண்டைக்குண்டு என்று பிரித்துச் சொல்லிக்கொள்ளலாம். பிரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் குழல் விட்டத்துக்குச் சரியாக வார்த்த கெட்டி உருண்டையை வாய்க்குறுக்கம் உள்ள குழலில் சுடுவது ஆபத்து.

ஒற்றைக்குண்டு அப்படி இல்லை. ஜெர்மனியின் பிரென்னெக்கே 1898-இல் உருவாக்கியதும், அமெரிக்காவின் ஃபாஸ்டர் 1931-இல் உருவாக்கியதும்தான் இன்றைய வகைகளுக்கு முன்னோடி. ஃபாஸ்டர் குண்டு மென்மையான ஈயம், அடிப்புறம் குடைவு, பக்கங்களில் சாய்ந்த வரிகள். அந்த வரிகள் குண்டைச் சுழற்றவே என்று பலர் எழுதுகிறார்கள். சுழற்சி அதில் சொற்பம். குறுகிய வாயைக் கடக்கும்போது நசுங்கி இடம் கொடுப்பதுதான் வரிகளின் முக்கிய வேலை. எடை முன்பக்கம் இருப்பதால்தான் குண்டு நேராகப் பறக்கிறது. ஆகவே முழுக்குறுக்கத்திலும் இந்த வகை குண்டு வெளியேறிவிடும்; ஆனால் கூடுதலாக நசுங்குவதால் குறி தவறலாம். நேர்வாயும் கால்குறுக்கமும்தான் வழக்கமான பரிந்துரை. நானூற்றிப்பத்தின் ஒற்றைக்குண்டு பெரும்பாலும் ஓர் அவுன்ஸில் ஐந்தில் ஒரு பங்கோ கால் பங்கோதான். 12 போரில் ஓர் அவுன்ஸ் சாதாரணம்.

எனக்குத் தனித்தமிழ் வெறி கிடையாது. துப்பாக்கி, தோட்டா இரண்டுமே வெளியிலிருந்து வந்து நம் வாயில் உருண்டு தமிழானவை. வாய்க்குறுக்கம் பிடிக்கவில்லை என்றால் சோக் என்றே எழுதுங்கள்; ஸ்லக் என்றே எழுதுங்கள். தெரியாதவர் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வார். அடைப்பு என்று எழுதினால் கேட்கக்கூட மாட்டார், புரிந்துவிட்டது என்றே நினைப்பார்.