சதை எடுத்தால் புற்று பரவிவிடுமா?

பாலக்கோட்டில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்று எட்டு வருஷம். தை மாதம் திடீரென்று மறுபடி இரத்தம் பட்டது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 11 மில்லிமீட்டர் தடித்திருந்தது. இந்த வயதில் அது 4 மில்லிமீட்டரைத் தாண்டினாலே சதை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். இப்படி இரத்தம் படுகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் புற்று இருக்கும். ஆனால், "கத்தி பட்டா பரவிடும், கை வைக்காதீங்க" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்ல, இரண்டு மாதம் வீணாகப் போயிற்று.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. கர்ப்பப்பை வெறும் பை போல, முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக் கிடக்கும். ஹிஸ்டரோஸ்கோப்பியில் கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமானால் உப்புநீரை ஏற்றி அதை விரிக்க வேண்டும். மேலே இரண்டு பக்கமும் கருக்குழாய்கள் வயிற்றுக்குள் திறந்திருக்கின்றன. தக்காளிக்கு டிரிப் போட்டவர்களுக்குத் தெரியும், அழுத்தம் ஏறினால் குழாயின் கடைசி மூடி பிடுங்கிக்கொள்ளும். அதுபோல நீரோடு சில புற்றுச் செல்களும் வயிற்றுக்குள் போகலாம். ஹிஸ்டரோஸ்கோப்பி செய்தவர்களின் வயிற்றைக் கழுவிய நீரில் அத்தகைய செல்கள் சற்று அதிகமாகவே தென்பட்டிருக்கின்றன.

அப்புறம் என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். தொடக்க நிலைப் புற்றில், இந்தச் சோதனை செய்துகொண்டவர்களுக்கு நோய் திரும்புவதோ ஆயுள் குறைவதோ கூடுதலாக இருப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. விழுந்த செல் ஒட்டிப் பிடித்து, தனக்கென இரத்தக் குழாயை வளர்த்தால்தான் பிழைக்கும். பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. மாதவிலக்கின்போதுகூடப் பல பெண்களுக்குக் கொஞ்சம் இரத்தம் பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது, உடம்பு அதைத் துப்புரவு செய்துவிடுகிறது. கழுவுநீரில் செல் இருப்பதை மட்டும் வைத்து நோயின் நிலையை உயர்த்தும் வழக்கத்தை 2009-ல் உலக மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு கைவிட்டது. ஆனாலும் டாக்டர்கள் நீரின் அழுத்தத்தைக் கண்ணுக்குத் தெளிவு கிடைக்கும் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கர்ப்பப்பையில் துளை விழுவதும் தொற்று வருவதும் அரிது.

பெரும்பாலும் கேமரா வரை போகவே வேண்டியதில்லை. பெரியம்மாவுக்குச் செய்தது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் குழாயால். நீர் கிடையாது, கத்தி கிடையாது. உள்ளே இருக்கும் தண்டைப் பின்னால் இழுத்தால் வெற்றிடம் உண்டாகி, சவ்வின் துணுக்குகள் குழாய்க்குள் ஏறிவிடும். இரண்டு நிமிஷம் அடிவயிறு இழுத்துப் பிடித்தது, அவ்வளவுதான். ஒரு மூலையில் மட்டும் இருக்கும் சின்னப் புற்றையோ, பாலிப் எனும் சதை முளையையோ இந்தக் குழாய் தவறவிடலாம். சந்தேகம் தீராதபோதுதான் கேமரா.

சதை கெடாமல் இருக்க ஊற்றிவைக்கும் ஃபார்மலின் குப்பியை லேபுக்கு நான்தான் எடுத்துப்போனேன். அடியில் ஒரு சிட்டிகை சதை. அதில் புற்று இருந்தது. சித்திரையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சவ்வைத் தாண்டி அது ஆழமாகப் போயிருக்கவில்லை.