கொட்டாங்குச்சிக் கரி குடிநீரில் என்ன செய்கிறது?

சென்னையில் மெட்ரோ வாட்டர் குழாயைத் திறந்ததும் எழும் குளோரின் வாடை, சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தைக் கடந்த பிறகு இருப்பதில்லை. அந்த வாடையை நீக்குவது பெரும்பாலும் இயந்திரத்துக்குள் உப்பைப் பிரிக்கும் மெல்லிய சவ்வு அன்று. அதற்கு முன்னால் உள்ள உருளையில் அடைத்திருக்கும் கரிதான். ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் இக்கரி பல வேளைகளில் தேங்காயின் கொட்டாங்குச்சியிலிருந்து வருகிறது.

காற்றுக் குறைவான சூளையில் கொட்டாங்குச்சியைச் சுட்டால், எளிதில் ஆவியாகும் பொருட்கள் வெளியேறிக் கரி மிஞ்சும். அதை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியோடு சேர்க்கும்போது, நீராவி கார்பன் அணுக்களில் ஒரு பகுதியைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றி எடுத்துச் சென்றுவிடுகிறது. அணுக்கள் அகன்ற இடங்களெல்லாம் நுண்துளைகளாகின்றன; அவற்றில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. கரியின் ஆற்றல் இந்த இழப்பிலிருந்தே பிறக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. நல்ல கரி ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர், அதாவது நம் ஊர்க் கணக்கில் 4 கிரவுண்டுக்கும் மேல் வரும்.

நீரில் கரைந்துள்ள கரிம மூலக்கூறுகள் இந்தத் துளைச்சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. பஞ்சு நீரை உள்ளிழுப்பதைப் போன்ற உறிஞ்சுதல் அன்று இது. பரப்பின் மேல் மெல்லிய விசைகளால் பிடித்துவைக்கும் பரப்புக் கவர்ச்சி. குளோரினின் கதை சற்று வேறு. அது கரியோடு வினைபுரிந்து குளோரைடு அயனியாகிவிடுகிறது. குளோரின் பட்டால் ஆர்.ஓ. சவ்வின் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் வகைப் பொருள் சிதையும் என்பதால்தான் கரி அதற்கு முன்னே வைக்கப்படுகிறது.

கரியால் உப்பை நீக்க முடியாது. கடலோரப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கரி வடிகட்டியில் மட்டும் விட்டால் வாடை குறையலாம், ஆனால் டி.டி.எஸ். எனப்படும், நீரில் கரைந்துள்ள உப்புகள் முதலானவற்றின் மொத்த அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். இதை அறியாமல் பணம் செலவழிப்பவர்களுக்காகவே இதைத் தனியாகச் சொல்கிறேன். மேலும், குளோரின் நீங்கிய நீருக்குக் கிருமியைத் தடுக்கும் காப்பும் இல்லை. ஈரமான கரியில் பாக்டீரியா வளரக்கூடும் என்பதால், குறித்த காலத்தில் உருளையை மாற்றுவதும், ஊருக்குப் போய்த் திரும்பியபின் முதலில் வரும் நீரைக் கீழே விடுவதும் அவசியம்.

இந்தக் கார்பன் முழுவதும் தென்னை ஓலை காற்றிலிருந்து கவர்ந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது. 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். எனவே ஒரு கிலோ கார்பன் எரியாமல் இருக்கும்வரை சுமார் 3.67 கிலோ வாயு காற்றுக்குத் திரும்பாமல் நிற்கிறது. பயிர்க்கழிவைக் கரியாக்கி மண்ணில் இடும் முறையைக் காலநிலைக் கொள்கைகள் கார்பன் அகற்றும் வழிகளுள் ஒன்றாகச் சேர்த்திருப்பது இக்கணக்கின் அடிப்படையில்தான். ஆனால் சூளையில் எரிந்த எரிபொருளையும், நீராவி அரித்துச் சென்ற கார்பனையும் கழித்த பிறகு மிஞ்சுவதை மட்டுமே வரவில் வைக்க வேண்டும்.