முக்கால் இஞ்ச்

"போன தீபாவளிக்கும் இந்தத் தீபாவளிக்கும் முக்கால் இஞ்ச்தானுங்க டாக்டர் ஏறியிருக்கு."

சொன்னவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுகிற அம்மா. மகளின் பாவாடை அளவைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தார். என் ஓ.பி. சீட்டைவிட அது தெளிவு. பள்ளி வயதில் ஒரு குழந்தை வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர வேண்டும். நாலுக்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும்.

12 வயது, 122 செ.மீ. அப்பா 165, அம்மா 152. பெண் குழந்தைக்கு இரண்டையும் கூட்டி 13 கழித்துப் பாதியாக்கினால் 152 வரும். வளர்ந்து முடிக்கும்போது அதற்கு எட்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். இவள் அந்தப் பாதையிலேயே இல்லை.

அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, விடவில்லை. "எங்கூட்டுல எல்லாருமே கட்டைதானுங்க. பெரிய மனுசியானா வளந்துக்குவா. திரட்டிச் சீருக்குப் பணங்கூட எடுத்து வெச்சிருக்கறனுங்க." ஏற்கெனவே பார்த்த ஒரு டாக்டரும் அதையே சொல்லி டானிக் எழுதியிருந்தார்.

கையை மடக்கச் சொன்னேன். மோதிர விரல் முட்டி மட்டும் எழும்பாமல் குழிந்திருந்தது. கழுத்தில் பாடப்புத்தகம் சொல்லும் மடிப்பெல்லாம் இல்லை. ரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனைக்கு எழுதினேன். இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது: டர்னர் சிண்ட்ரோம். ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கும். சிலருக்குக் குள்ளம் மட்டுமே வெளியே தெரியும். அதனால்தான் காரணம் தெரியாமல் குட்டையாக இருக்கும் எந்தப் பெண் குழந்தைக்கும் இந்தப் பரிசோதனையை நான் தள்ளிப் போடுவதில்லை. இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஸ்கேன், தைராய்டு, காது எல்லாம் கூடவே பார்க்க வேண்டும்.

"சொந்தத்துல கட்டுனதாலீங்களா?" அம்மாவின் முதல் கேள்வி இதுதான். இல்லை. மரபணுக் கோளாறு எல்லாமே பரம்பரை அல்ல. கருவாகும்போது தற்செயலாக எக்ஸ் ஒன்று தவறிப்போகிறது. கைகால் குட்டையாகும் அகாண்ட்ரோபிளேசியாவிலும் பத்தில் எட்டுக் குழந்தைகளின் பெற்றோர் சராசரி உயரம்தான். அதற்காகச் சொந்தத்தில் கட்டுவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வேறு சில வளர்ச்சிக் கோளாறுகள் அந்த வழியாகத்தான் வருகின்றன.

'குடும்பமே கட்டை' என்பதும் எப்போதும் நிம்மதியான பதில் அல்ல. எக்ஸ், ஒய் இரண்டின் நுனியிலும் 'ஷாக்ஸ்' என்று ஒரு மரபணு உண்டு. அதில் ஒரு பிரதி பழுதானால் குள்ளம் தலைமுறையாக வரலாம். அப்பாவின் முன்கை குட்டையாக, மணிக்கட்டு வளைந்திருந்தால் அவரையும் அளக்க வேண்டும். டர்னர் பிள்ளைகள் குட்டையாவதற்கும் பெரும்பங்கு இதே மரபணு குறைவதுதான்.

இடதுகை எக்ஸ்ரேயில் எலும்பின் வளரும் நுனிகள் இன்னும் மூடவில்லை. மூடிவிட்டால் வளர்ச்சி ஹார்மோன் ஊசி உயரத்துக்குப் பயன்படாது. ஊசி தினமும் ராத்திரி, விலையும் அதிகம். பூப்புக்கும் பெரும்பாலும் ஹார்மோன் மருந்து தேவைப்படும். அமுச்சியிடம் அதைச் சொல்லத்தான் எனக்கு நேரம் பிடித்தது.

ஊசி தொடங்கி ஒரு வருடம் கழித்து அம்மா நோட்டை நீட்டினார். பாவாடை நீளம் மட்டுமே ஒன்றரை இஞ்ச் ஏறியிருந்தது.

"புதுப் பாவாடை தெக்கோணுமுங்க" என்றார்.