கிரே வாட்டர் என்றால் தமிழில் கழுநீர்

குளியலறை, கை கழுவும் தொட்டி, துணி துவைக்கும் இயந்திரம் இவற்றிலிருந்து வெளியேறும் தண்ணீருக்குத்தான் ஆங்கிலத்தில் கிரே வாட்டர் என்று பெயர். கழிப்பறைத் தண்ணீர் இதில் சேராது, அது பிளாக் வாட்டர். சமையலறைத் தண்ணீரைச் சில நாடுகள் சேர்த்துக்கொள்கின்றன, சில நாடுகள் எண்ணெய்ப் பிசுக்கும் உணவுத் துணுக்கும் அதிகம் என்று ஒதுக்கிவிடுகின்றன.

பெயர் நிறத்தை வைத்து வந்தது. குளித்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கலங்கிச் சாம்பல் பூத்து நிற்கும். அந்த ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்துத் தமிழில் "சாம்பல் நீர்" என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவருக்கு அடுப்புச் சாம்பலைக் கரைத்த தண்ணீர்தான் நினைவுக்கு வரும்.

சரி, கழிவுநீர் என்றே சொல்லிவிட்டால்? கழி என்ற வேரிலிருந்து வந்த சொல் அது, கழித்துக் கட்ட வேண்டியது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. போதாததற்கு ஆலைக்கழிவு, மலநீர் எல்லாமே அதற்குள் அடங்கிவிடுகின்றன. வீட்டிலிருந்து வெளியேறும் தண்ணீரில் பாதிக்கும் மேல் கிரே வாட்டர்தான், அதை மலநீரோடு ஒரே குழாயில் விட்டுக் கலக்கிவிட்டு அப்புறம் பெரும் செலவில் சுத்திகரிப்பது எவ்வளவு பெரிய வீண்!

அதனால் நான் கழுநீர் என்கிறேன். கழுவு என்பதன் அடியோடு நீர் சேர்ந்த பழைய சொல், அகராதியில் அரிசி கழுவிய தண்ணீர் என்று பொருள் இருக்கும். அதைக் கொட்டிவிடாமல் தொட்டியில் சேர்த்து மாட்டுக்கு வைப்பார்கள், ஆக மறுபயன்பாடு இந்தச் சொல்லோடு கூடவே வருகிறது. பொருளைக் கொஞ்சம் விரித்து, உடலும் துணியும் கழுவிய நீருக்கும் வைத்துக்கொள்ளலாம். (செங்கழுநீர் என்ற பூவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கழுநீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது, அதிலுள்ள அழுக்கைத் தின்று கிருமி பெருகி நாற்றம் எடுத்துவிடும். மணலும் சரளையும் போட்ட வடிகட்டியில் விட்டு, மரத்தடி மண்ணுக்குள் இறங்கும்படி பாய்ச்சுவது நல்லது. தெளிப்பானில் அடிக்கக் கூடாது, பச்சையாகத் தின்னும் கீரைக்கும் வேண்டாம். சலவைத்தூளில் சோடியமும் போரானும் அதிகமாக இருந்தால் மண் கெட்டுச் செடி கருகும், தூளை மாற்றாமல் வடிகட்டியை மட்டும் மாற்றிப் பயனில்லை.

எல்லாக் கழிவுநீரையும் முழுதாகச் சுத்திகரித்து எடுப்பது வேறு, அதற்கு மீட்ட நீர் என்ற சொல் பொருந்தும். நமீபியாவின் விண்ட்ஹுக் நகரம் 1968 முதல் அதைக் குடிநீரிலேயே சேர்த்து வருகிறது. சிங்கப்பூர் 2003இல் இதை நியூவாட்டர் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது, கழிவுநீர் என்பதையும் விட்டுவிட்டு 'பயன்படுத்திய நீர்' என்றே அங்கே அதிகாரிகள் சொல்கிறார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மீட்ட நீர் ஓடும் குழாய்க்கு ஊதா நிறம், குடிநீர்க் குழாயோடு தவறிக்கூட இணைத்துவிடக் கூடாது என்பதற்காக.