மார்பக அறுவையில் மஜ்ஜை எடுத்ததால் முதுகு போய்விடாது

குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒரே பேச்சுதான்: "முதுகுத்தண்டுல ஊசி போட்டு சத்தை உறிஞ்சிட்டாங்க டாக்டர், அதான் முதுகு போச்சு." மார்பகப் புற்றுநோய் அறுவையின்போது சோதனைக்காக எலும்பு மஜ்ஜை (எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற மெத்தென்ற பகுதி) மாதிரி கொடுத்தவர்கள் சொல்வது இது. அலுத்துவிட்டது.

ஊசி முதுகுத்தண்டின் பக்கமே போவதில்லை. மயக்கத்தில் மல்லாந்து படுத்திருப்பவருக்கு இடுப்பெலும்பின் முன்விளிம்பில்தான் எடுப்பார்கள். இடுப்பில் கை வைத்து நின்றால் விரல் படுகிற மேடு அது. எடுப்பது பெரும்பாலும் 5 முதல் 10 மில்லி. ரத்த தானத்தில் 350 மில்லி கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இந்த 10 மில்லிக்குச் சத்துப் போச்சு என்கிறார்கள்! வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிற ஊர் இது. அதற்குத் தானம் கொடுப்பவரிடம் ஒரு லிட்டர் வரைகூட எடுப்பதுண்டு, அதுவும் சில வாரங்களில் ஊறிவிடும். ஊசி குத்தியதால் புற்று பரவும் என்பதும் கட்டுக்கதை.

உண்மையில் வருவது வேறு. குத்திய இடத்தில் சில நாள் வலி, கன்றிப்போன நீலம். சிலருக்குத் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகும். அங்கே போகிற தோல் நரம்பு சீண்டப்பட்டதால். பெரும்பாலும் தானே சரியாகும். பெரிய ரத்தக்கசிவும் சீழும் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ரத்தக்கசிவு வந்தவர்களில் பலர் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, இதய நோய்க்குத் தருகிற, ரத்தம் உறையவிடாத மாத்திரை சாப்பிடுபவர்கள். இதய மாத்திரையை மார்பக டாக்டரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று மறைக்காதீர்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

குத்திய இடத்தில் போட்ட கட்டுத்துணியை 24 மணி நேரம் நனைக்காதீர்கள். எண்ணெய் நீவல், வெந்நீர் ஒத்தடம், புத்தூர் கட்டு எதுவும் கூடாது. நீவினால் நின்ற ரத்தம் மறுபடி கசியும். வலிக்குப் பாராசிட்டமால் போதும், கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்காதீர்கள். பாவாடை நாடா சரியாக அந்த இடத்தில்தான் இறுகும், அந்த நரம்பையும் அழுத்தும். ஒரு வாரம் நைட்டி போடுங்கள். வீக்கம் பெருத்தாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ அன்றைக்கே வாருங்கள். கீமோ தொடங்கிவிட்டவர்கள் காய்ச்சலோடு விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று: மார்பகப் புற்றுநோய்க்கு இந்தச் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. ரத்த அணுக்கள் காரணமின்றிக் குறைந்திருந்தால் செய்வோம். மற்றபடி பெரும்பாலும் ஆராய்ச்சிக்குத்தான். ஆராய்ச்சி என்றால் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், அதன் செலவை உங்கள் பில்லில் ஏற்றக்கூடாது. வேண்டாம் என்றால் சிகிச்சையில் ஒன்றும் குறையாது. கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள், அம்மா. கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தாலும் கேளுங்கள்.

ஊசி மேல் பழி போடுவதில் எனக்கு உண்மையான பயம் ஒன்றுதான். மார்பகப் புற்று முதுகெலும்புக்குப் பரவக்கூடியது. "அன்னைக்குப் போட்ட ஊசி" என்று சொல்லிக்கொண்டே ஆறு மாதம் தைலம் தேய்க்கிறார்கள். அந்த நேரத்தில் ஸ்கேன் எடுத்திருக்கலாம். சில வாரம் தாண்டியும் நிற்காத, இரவில் கூடுகிற முதுகுவலியை ஊசிக் கணக்கில் எழுதாதீர்கள். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திராமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.